வீரபாண்டி (தேனி மாவட்டம்)

இக்கட்டுரை தேனி மாவட்டத்து ஊரைப் பற்றியது. திருப்பூர், சேலம் மாவட்டங்களிலும் இதே பெயரில் ஊர்கள் உள்ளன.

வீரபாண்டி என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், முல்லையாற்றின் கரையில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் உள்ளது. இங்குள்ள கௌமாரியம்மன் கோயில் தென்மாவட்டங்களில் பெரிதும் அறியப்பட்டதாகும்.

ஆறும் வேளாண்மையும்

ஊரின் வாழ்க்கை ஆற்றைச் சார்ந்தது. ஆற்றின் நீரோ பெருமளவு மலைக்கு அப்பாலிருந்து வருகிறது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பும் அணை, பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்டு 1895 இல் திறக்கப்பட்டது. அந்நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கடந்து வீரபாண்டியை அடைகிறது. பின்னர் தேனிக்கு அருகே வைகையில் கலக்கிறது.

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இந்நீரால் இருபோக நெல் விளைகிறது. வீரபாண்டி இப்பாசனப் பரப்பின் கடைப்பகுதியில் உள்ளது. முதல் போகத்திற்கு வழக்கமாகச் சூன் மாதத் தொடக்கத்தில் அணை திறக்கப்படும். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். நாற்றுவிடும் காலமும் உடன் தள்ளிப்போகும்.

அணை கேரள எல்லைக்குள் இருப்பதால் அதன் நீர்மட்டம் நெடுங்காலமாக வழக்கிற்கு உரியதாக இருந்து வருகிறது. 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் திரளாகப் போராடினர். 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இப்பள்ளத்தாக்கில் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

கோயிலும் திருவிழாவும்

பார்வையிழந்த வீரபாண்டி என்னும் பாண்டிய மன்னன் இங்கு வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது தலவரலாறு. ஊர்ப்பெயரும் அருகிலுள்ள கண்ணீசுவரமுடையார் கோயிலும் இக்கதையுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாமல் மரபுக்கதையாகக் கொள்வதே பொருத்தம்.

சித்திரைத் திருவிழா எட்டு நாட்கள் நடைபெறும். அதற்குச் சில வாரங்கள் முன்பே அத்திமரத்தின் முக்கிளைக் கொம்பு கம்பமாக நடப்படும். இது சிவனின் வடிவமாகக் கருதப்படுகிறது. பெண்கள் முல்லையாற்றில் நீராடி, குடத்தில் நீர் முகந்து வந்து கம்பத்திற்கு ஊற்றுவர். அணை திறப்பதற்கு முந்திய கோடையில் இது நிகழ்வதால், ஆற்றில் நீர் ஓடுகிறதா என்பது விழாக்காலத்தில் ஊரார் அனைவரின் கவலையாகும்.

தீச்சட்டி, ஆயிரங்கண் பானை எடுத்தல், உடலெங்கும் சேறு பூசி வருதல் ஆகியவை முதன்மையான நேர்த்திக்கடன்கள். சேறு பூசியோர் ஆற்றில் இறங்கிக் குளித்த பின்னரே இல்லம் திரும்புவர். கொரோனா பரவல் காரணமாக 2020 ஆம் ஆண்டில் பக்தர்கள் கூடும் திருவிழா நடைபெறவில்லை.