ரிட்டர்ன் டிக்கெட் கேட்காத ஹீரோ

இன்னைக்கு இசேகாய்.

ஒரு ஆளு. ஃப்ரெண்ட்ஸ் இல்ல, வேலை இல்ல, ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல. ஒரு லாரி வந்து அடிக்குது. கண்ணைத் திறந்தா வேற உலகம், கையில மந்திர சக்தி. அனிமே பார்க்கிறவங்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். அந்த லாரிக்கே ரசிகர்கள் ‘ட்ரக்-குன்’னு செல்லப் பேர் வச்சிருக்காங்க. சோம்பேறியோட பகல் கனவுன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. எனக்கு இருக்கிற கேள்வி வேற: இந்த ஹீரோக்கள்ல முக்கால்வாசிப் பேர் ஏன் வீட்டுக்குத் திரும்பணும்னே நினைக்கிறதில்ல?

ஏன்னா முன்னாடி அப்படி இல்ல. 1993ல வந்த ‘மேஜிக் நைட் ரேயர்த்’ மாங்காவுல டோக்கியோ டவரைப் பார்க்க வந்த மூணு ஸ்கூல் பொண்ணுங்களை வேற உலகம் இழுத்துக்கும். வந்த வேலையை முடிச்சுட்டு வீட்டுக்குப் போகணும், அதுதான் அவங்க கவலை. 1996ல வந்த ‘எஸ்காஃப்ளோன்’ அனிமே நாயகி ஹிட்டோமியும் கடைசியில ஊர் திரும்புறா. ஒனோ ஃபுயுமி 1992ல எழுத ஆரம்பிச்ச ‘பன்னிரண்டு ராஜ்ஜியங்கள்’ல யோக்கோ அங்கேயே தங்குறது நிஜம். ஆனா அந்த முடிவுக்கு வர அவளுக்கு ஒரு முழு நாவல் தேவைப்படுது.

2002ல கவஹாரா ரெக்கி தன்னோட சொந்த வெப்சைட்ல ‘ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்’ போட ஆரம்பிச்சார். அது 2009லதான் அச்சுல வந்தது. ஹீரோ கிரிட்டோ யாரோடயும் சேராத சோலோ பிளேயர். ஆனாலும் கேமுக்குள்ள மாட்டின 10,000 பேருக்கும் குறிக்கோள் ஒண்ணுதான், லாக்-அவுட்.

அடுத்து 2012 நவம்பர். ‘ஷோசெட்சுகா நி நரோ’ன்னு ஒரு சைட். ‘நாவலாசிரியர் ஆவோம்’னு அர்த்தம். 2004ல இருந்து ஓடுது, யார் வேணா இலவசமா கதை போடலாம். அங்க ரிஃபுஜின் நா மகோனோதேங்கிற புனைபெயர்ல ஒருத்தர் ‘முஷோகு டென்செய்’ தொடங்கினார். முஷோகுன்னா வேலையில்லாதவன், டென்செய்னா மறுபிறவி. ஹீரோவுக்கு 34 வயசு. ஸ்கூல்ல கொடூரமா அவமானப்படுத்தப்பட்டு ரூமுக்குள்ள போனவன், அப்பா அம்மா இறுதிச் சடங்குக்குக் கூட வெளிய வரல. கூடப் பிறந்தவங்க அடிச்சு வீட்டை விட்டுத் துரத்துறாங்க. அன்னைக்கே லாரி. இவன் எங்க திரும்பிப் போவான்?

இங்கதான் வரலாறு உள்ள வருது. எழுதின வருஷத்தை வச்சுக் கணக்குப் போட்டா, இவன் 1978 வாக்குல பொறந்தவன். ஜப்பான்ல வேலைக்கு எடுக்கிற முறை நம்ம கேம்பஸ் பிளேஸ்மென்ட் மாதிரி, ஆனா இன்னும் கறார். கடைசி வருஷம் படிக்கும்போதே மொத்தமா எடுத்துடுவாங்க, ஏப்ரல் 1 ஜாயினிங். அப்போல்லாம் அந்த பஸ்ஸை விட்டா அடுத்த வருஷம் நீ ஃப்ரெஷர் கிடையாது. 90கள் ஆரம்பத்துல பொருளாதாரக் குமிழி வெடிச்சப்போ கம்பெனிகள் பழைய ஆட்களைக் காப்பாத்தப் புது ஆட்களைக் குறைச்சாங்க. சுமார் 1993ல இருந்து 2005 வரைக்கும் படிச்சு வெளிய வந்தவங்களை ‘வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை’ன்னே கூப்பிடுறாங்க.

இதே காலத்துலதான் இன்னொரு வார்த்தையும் பரவுது. 1998ல சைட்டோ தமாக்கிங்கிற மனநல மருத்துவர் எழுதின புத்தகம் ‘ஹிக்கிகோமோரி’யை வீட்டுக்கு வீடு தெரிய வச்சது. ஆறு மாசத்துக்கு மேல சமூகத்தை விட்டு ஒதுங்கி வீட்டுக்குள்ளயே இருக்கிறவங்க. ரொம்ப நாள் இது இளைஞர்கள் பிரச்சினைன்னு மட்டும் நினைச்சு, அரசு 39 வயசு வரைக்கும்தான் எண்ணிச்சு. 2019ல வெளியிட்ட கணக்குல முதல் தடவையா 40ல இருந்து 64 வயசு வரைக்கும் பார்த்தாங்க. மதிப்பீடு 6,13,000 பேர். இளைஞர்கள் கணக்கை விட இது அதிகம்.

அதே 2019ல தகராசுகாங்கிற ஊர் நகராட்சி, இந்தப் பனியுகத் தலைமுறைக்குன்னே வேலை அறிவிச்சுது. 1,800 பேருக்கு மேல விண்ணப்பிச்சாங்க. எடுத்தது 4 பேரை.

இதைப் படிச்சப்புறம் லாரி எனக்கு வெறும் ஜோக்கா தெரியல. 34 வயசுல திரும்ப ஃப்ரெஷர் ஆக முடியாது. குழந்தையாப் பொறந்தா முடியும். மறுபிறவிங்கிறது இந்தக் கதையில ரெண்டாவது ஜாயினிங் டேட்.

இதுக்காக எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்கல. ‘முஷோகு டென்செய்’ ஹீரோ பெண்கள்கிட்ட நடந்துக்கிற விதம் பல இடத்துல அருவருப்பு, அதைக் கதை சிரிச்சுக் கடந்து போறது அதை விட மோசம். அதைப் பார்த்து வந்த நகல்கள்ல பாதிக்கு மேல தனிமை ஒரு டெம்ப்ளேட்தான்: முதல் பக்கத்துல சோகம், ரெண்டாவது பக்கத்துல சூப்பர் பவர். வெள்ளம் தாங்காம 2016ல அந்த சைட்டே இசேகாய்க்குத் தனி ரேங்கிங் வச்சு ஒதுக்க வேண்டியதாச்சு.

ஆனா அந்தக் கதையில ஒரு இடம் இருக்கு. ஹீரோ ரூடியஸுக்குப் புது உலகத்துல அஞ்சு வயசு. மந்திரம் அத்துப்படி. ஆனா வீட்டு கேட்டைத் தாண்ட முடியல, கால் நடுங்குது. பழைய பயம் அப்படியே கூட வந்திருக்கு. பரீட்சைக்காக ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போக வந்த டீச்சர் ராக்ஸி, பையன் குதிரைக்குப் பயப்படுறான்னு நினைச்சுக்கிறா. தூக்கி முன்னாடி உட்கார வச்சு, மெதுவா ஓட்டிட்டுப் போறா. அவனோட முன் ஜென்மத்தைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஊர்க்காரங்க பார்க்கிறாங்க, யாரும் அவனைக் கேலி பண்ணல. குதிரை வயல் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள நடுக்கம் நின்னுடுது.