இரண்டு பசிகள்: ஆப்பிரிக்கப் பென்குயினின் வீழ்ச்சியும் மீன்பிடித் தடையின் எல்லையும்

ஆப்பிரிக்கப் பென்குயின் நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இரு நாடுகளில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் கடற்பறவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேப் டவுனுக்கு வடக்கேயுள்ள டாசன் தீவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை இருந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று இரு நாடுகளிலும் சேர்த்து 10,000 சோடிகள்கூட இல்லை. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியது. இவ்வீழ்ச்சியைத் தடுக்க, பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிச் சுருக்குமடி வலைக்குத் தடை விதிப்பதே தலையாய வழியாக முன்வைக்கப்படுகிறது. அத்தடை தேவையானது; ஆனால் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான காரணம் பறவையின் உடலியலிலேயே இருக்கிறது.

பழைய காரணங்கள் அறியப்பட்டவை. முட்டைகள் உணவுக்காகப் பெருமளவில் அள்ளப்பட்டன. தீவுகளில் படிந்திருந்த பறவை எச்சம் உரத்துக்காகச் சுரண்டி எடுக்கப்பட்டது. அந்தப் படிவைக் குடைந்து வளை அமைத்த பறவைகள் அதன்பின் வெட்டவெளியில் முட்டையிட்டன. வெயிலுக்கும் கடற்காகங்களுக்கும் முட்டைகளைப் பறிகொடுத்தன. முட்டை சேகரிப்பு 1960களின் இறுதியில் முடிவுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு ஜூனில் ‘டிரெஷர்’ என்ற கப்பல் டாசன், ராபன் தீவுகளுக்கு இடையே மூழ்கியபோது எண்ணெயில் தோய்ந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்கள் மீட்கப்பட்டுக் கழுவப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. இருந்தும் அடுத்த சில ஆண்டுகளிலேயே மேற்குக் கடற்கரைக் குடியிருப்புகள் சரியத் தொடங்கின. ஆகவே, இன்றைய வீழ்ச்சிக்கு விபத்தையோ முட்டைத் திருட்டையோ முதற்காரணமாகச் சொல்ல இயலாது. காரணம் உணவு.

இந்தப் பறவைக்கு ஆண்டில் இரண்டு முறை கடும் பசி நேர்கிறது. முதலாவது குஞ்சு வளர்க்கும் காலத்துப் பசி. வழக்கமாக இரண்டு முட்டைகள். அடைகாத்தல் சுமார் 40 நாள். பொரித்த பிறகு தாயும் தந்தையும் மாறிமாறிக் கடலுக்குச் சென்று மத்தியும் நெத்திலியும் பிடித்துவந்து ஊட்டுகின்றன. பறக்க முடியாத இவை நீந்தியே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், பெரும்பாலும் 20 முதல் 40 கி.மீ. வரையிலான நீர்ப்பரப்பே இவற்றின் வேட்டைக்களம். அதே கடலில் வாழும் கேப் கானெட் பறவை மீன் விலகிப்போனால் இன்னும் தொலைவுக்குப் பறந்து தேடும். பெரிய கொண்டை ஆலா கூடு கட்டும் தீவையே மாற்றிக்கொள்ளும். பென்குயினுக்கு அவ்விரு வழிகளும் எளிதில் வாய்ப்பதில்லை.

இரண்டாவது பசி இறகுதிர்ப்புக் காலத்துக்குரியது. மற்றப் பறவைகள் பலவும் இறகுகளைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ள, பென்குயின் மொத்தமாக ஒரே தவணையில் மாற்றுகிறது. புதிய இறகு தோலுக்கடியிலிருந்து வளர்ந்து பழையதை வெளியே தள்ளுகிறது. உடலெங்கும் இறகுக் கொத்துகள் பிய்ந்து தொங்கப் பறவை கரையிலேயே நிற்கிறது. நீர்புகாக் கவசம் குலைந்திருப்பதால் குளிர்ந்த கடலில் இறங்க முடியாது. சுமார் மூன்று வாரம் முழுப் பட்டினி. அதற்குள் உடல் எடையில் கிட்டத்தட்ட பாதி கரைந்துவிடும். இதைத் தாங்க, முன்கூட்டியே சில வாரங்கள் குடியிருப்பை விட்டு நெடுந்தொலைவு சென்று கொழுப்புச் சேர்த்தாக வேண்டும்; முடிந்தபின் இழந்ததை மீட்க மறுபடியும் செல்ல வேண்டும். சேமிப்பு குறைந்த பறவை கரையிலேயே மடியும், அல்லது வலுவிழந்து கடலில் மடியும்.

இவ்விரண்டு பசிகளையும் பிரித்துப் பார்ப்பதன் தேவை இங்குதான் விளங்குகிறது. முதற்பசி தீர்ந்தால் குஞ்சுகள் பிழைக்கும். இரண்டாம் பசி தீராவிட்டால் வளர்ந்த பறவைகள் சாகும். நீண்ட ஆயுளும் ஆண்டுக்கு ஓரிரு குஞ்சுகளும் கொண்ட கடற்பறவை இனங்களில் எண்ணிக்கையைத் தாங்கி நிற்பது வளர்ந்த பறவைகளின் உயிர்வாழ்வே.

கடலும் மாறியிருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து மத்தி, நெத்திலிக் கூட்டங்கள் அகுல்யாஸ் முனைக்குக் கிழக்கே நகர்ந்தன. மேற்குக் குடியிருப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தென்கரையில் டையர் தீவுக்கும் அல்கோவா வளைகுடாவுக்கும் இடையே ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவுக்கு இயல்பாக அமைந்த பென்குயின் குடியிருப்பே இல்லை. நமீபியக் கடலிலோ மத்தி வளம் மிகைப்பிடிப்பால் 1970களிலேயே குலைந்தது. ஆயினும் குளிர்நீரும் நுண்தாவரச் செழிப்பும் கண்டு இளம் பறவைகள் இன்றும் அங்கே செல்கின்றன. மீன் இருக்கும் என்று அவற்றின் உள்ளுணர்வு சொல்லும் இடத்தில் இப்போது மீன் இல்லை.

2008இல் தொடங்கிய சோதனை மூடல்களில் சில தீவுகளைச் சுற்றி 20 கி.மீ. வரை மீன்பிடிப்பு நிறுத்திப் பார்க்கப்பட்டது. 2023இல் பன்னாட்டு வல்லுநர் குழு அத்தரவுகளை மதிப்பிட்டு, தடையால் பென்குயினுக்கு நன்மை உண்டு, ஆனால் வீழ்ச்சியின் வேகத்தோடு ஒப்பிட அந்நன்மை சிறிது என்றது. இதையே காட்டித் தடை வீண் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் பிழையானது. தீவைச் சுற்றிய தடை முதற்பசியை மட்டுமே தீர்க்கவல்லது; அதனால் விளையும் பயனும் அந்த அளவிலேதான் இருக்கும். சிறிய பயன் என்பது தடையின் தோல்வியைக் காட்டவில்லை. கவனிக்கப்படாத இரண்டாம் பசியின் அளவைக் காட்டுகிறது.

2025 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்ற ஆணையின் வழியே ஆறு குடியிருப்புகளைச் சுற்றிப் பத்தாண்டுத் தடை உறுதியாயிற்று. இது வரவேற்கத்தக்க தொடக்கம். இதனோடு இன்னும் இரண்டு செய்யப்பட வேண்டும். மத்தி வளம் குறையும் ஆண்டுகளில், பென்குயின் கொழுப்புச் சேர்க்கும் பருவத்துக்கும் பரப்புக்கும் ஏற்ப மேற்குக் கடற்கரைப் பிடிப்பளவைக் குறைக்க வேண்டும். மீன் நகர்ந்த திசையில், அந்த இடைவெளியில் உள்ள டி ஹூப் இயற்கைக் காப்பகத்தில் பென்குயின் உருவங்களையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துத் தொடங்கிய புதிய குடியிருப்பு முயற்சியை வளர்த்தெடுக்க வேண்டும். குஞ்சுகளைக் காத்துவிட்டுத் தாய்ப் பறவைகளைப் பட்டினிக்கு விடும் எந்தத் திட்டமும் இந்த இனத்தைக் காப்பாற்றாது.