விடுபட்ட பத்தி

பிரான்ஸுவா ஓஸோனின் 'எட்டுப் பெண்கள்' (2002) கூச்சமில்லாமல் ரசிக்க வேண்டிய படம். 1950களின் பனிசூழ்ந்த பங்களா. முதுகில் கத்தியோடு வீட்டுக்காரர். சந்தேகத்துக்குரிய எட்டுப் பெண்கள். விசாரணைக்கு நடுவே ஒவ்வொருத்தியும் எழுந்து ஒரு பாட்டுப் பாடுகிறாள். ராபர் தாமாவின் மேடை நாடகம்தான் மூலம். எல்லாம் போலி, தன்னை மறைத்துக்கொள்ளாத போலி. கொலையாளி யார் என்பது சீக்கிரமே முக்கியமற்றுப் போகிறது.

நிஜம் முகங்களில் இருக்கிறது. கட்டிப்புரண்டு சண்டையிட்டு முத்தத்தில் முடியும் காதரின் தெனேவும் ஃபானி அர்தானும் த்ரூஃபோவின் நாயகிகள். தெனேவின் தாயாக வரும் தானியேல் தாரியோ, 1967இல் ழாக் தெமியின் 'ரோஷ்ஃபோர் யுவதிகள்' படத்திலும் அவருக்குத் தாய்.

கடைசிப் பாட்டு தாரியோவுக்கு. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, 1943இல், லூயி அரகோன் எழுதிய கவிதை அது. காதலின் துயரத்தோடு தேசத்தின் துயரத்தையும் சேர்த்து முடிப்பது. மெட்டமைத்த ழார்ழ் பிராஸான்ஸ், தேசம் வரும் கடைசிப் பத்தியை விட்டுவிட்டார். கேட்பவர்களுக்குக் காதல் மட்டும் மிஞ்சியது.

1942இல், ஜெர்மானியர் ஏற்பாட்டில் பெர்லினுக்கு ரயிலேறிய பிரெஞ்சு நடிகர்களில் தாரியோவும் ஒருவர். காவலிலிருந்த காதலரை விடுவிக்கவே போனதாகப் பின்னர் சொன்னார். காதலா, தேசமா என்ற கேள்வியை வாழ்ந்து பார்த்தவர் எண்பது வயதுக்கு மேல் அதே கவிதையைப் பாடுகிறார். ஓஸோன் இதை உத்தேசித்தாரா என்பது பொருட்டல்ல. பாட்டு விட்ட பத்தி அந்த முகத்தில் இருக்கிறது.

வேடிக்கையை ரசிக்க வரலாற்றை மறக்க வேண்டியதில்லை. தெரிந்து ரசிப்பது கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.