மளிகைக் கடையும் கல்லூரி வாசலும்

கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர் இறுதிப் பக்கங்களில் நெடிய பட்டியல் ஒன்றைக் காண்பர். இன்னார் நினைவுப் பரிசு, இன்னார் நினைவு உதவித்தொகை எனப் பெயர்கள் அங்கு வரிசையாக நிற்கும். வழக்கறிஞர், மருத்துவர், நிலக்கிழார் ஆகியோரின் பெயர்களுக்கிடையே, சிற்றூர்க் கடைவீதியில் அரிசியும் பருப்பும் உப்பும் புளியும் விற்று வாழ்ந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரின் பெயரும் காணப்படுவதுண்டு. கல்லூரி வாசலை ஒருநாளும் மிதித்திராத அவருடைய பெயரால், அவர் முகமறியாத மாணவன் ஒருவன் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறான்.

இத்தகைய அறக்கட்டளைகள் எவ்வாறு தோன்றின? அவற்றை ஏற்படுத்தும் வாய்ப்பு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை? கல்விச் சங்கம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இவ்வினாக்களுக்கு விடை தேடுவது நம் சமுதாயத்திற்குப் பயன் தருவதாகும்.

கடைக்காரரின் கொடை

மளிகை வணிகம் சிறுகச் சிறுகச் சேர்க்கும் வணிகம். ஆழாக்கு எண்ணெய்க்கும் அரைப்படி பருப்பிற்கும் கிடைக்கும் ஊதியமே ஆண்டு பலவற்றில் முதலாகத் திரள்கிறது. ஊரின் உண்மை நிலையை அறிந்தவரும் மளிகைக்காரரே. எந்த வீட்டில் மாதக் கடைசியில் அடுப்பு எரிவதில்லை என்பதை அவருடைய பற்றுவரவுச் சிட்டை கூறிவிடும். எவர் வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றான் என்பதும் அவர் கல்லாப்பெட்டியருகே பேசப்படும். ஆகவே, அத்தகைய ஒருவர் மறைந்தபின் அவர்தம் மக்கள் ஒரு தொகையை நிரந்தர வைப்பாக இட்டு, அதன் வட்டியை ஏழை மாணவர்க்கு வழங்க ஏற்பாடு செய்வது இயல்பான நன்றிக் கடனாகும்.

இவ்வழக்கம் தொன்மையானது. அமெரிக்காவின் ஆர்வர்டு கல்லூரியில் முதன்முதலாக ஏற்பட்ட உதவித்தொகை 1643ஆம் ஆண்டைச் சார்ந்தது. ஏழை மாணவன் ஒருவனின் பராமரிப்பிற்கென 100 பவுன் அளித்தவர் ஆன் ராட்கிளிஃப் என்னும் மௌல்சன் சீமாட்டியார். அவர்தம் கணவர் சர் தாமசு மௌல்சன் இலண்டன் மாநகரின் மளிகை வணிகர் கழகத்தைச் சார்ந்தவர்; 1634இல் அந்நகரின் மேயராக விளங்கியவர். மளிகை வணிகர் ஒருவரின் கைம்பெண் ஈந்த பொருளே கடல் கடந்த நாட்டில் ஒரு நெடிய மரபிற்கு வித்தாயிற்று. ஆயினும் அக்கொடையில் ஒரு நிபந்தனையும் இருந்தது. சீமாட்டியாரின் உறவினன் எவனேனும் அக்கல்லூரியில் சேர்ந்தால், அதுவரை பெற்றுவந்த ஏழை மாணவனை விடுத்து அவ்வுறவினனுக்கே தொகை செல்லவேண்டும் என்பதே அது. ஈகையினூடே உறவும் குலமும் புகுந்துகொள்வது எந்நாட்டிற்கும் பொதுவென்பது இதனால் புலனாகின்றது.

விருதுநகரும் ஈரோடும்

தமிழகத்தில் கடை கல்வியாக மாறிய வரலாற்றிற்கு விருதுநகர் சிறந்த சான்று. அங்கு நாடார் வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட ‘மகமை’ என்னும் வரியாலும், வீடுதோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியாலும் சத்திரிய வித்தியாசாலை வளர்ந்தது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராகி ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்ட காமராசர் அப்பள்ளியில் பயின்றவரே. அக்காலத்தில் அச்சமூகத்தார்க்கும் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆயினும் அவர்கள் கையில் தராசு இருந்தது. அதைக் கொண்டு அவர்கள் பள்ளி கண்டனர்.

திருச்சிராப்பள்ளிக்கு நேரே தொடர்புடைய சான்று மற்றொன்று. ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் என்பார் கூலி வேலை செய்து, மாட்டு வண்டி ஓட்டி, பின்னர்ச் சிறு மளிகைக் கடை வைத்து, படிப்படியாக மண்டி வணிகராக உயர்ந்தார். அவர்தம் மகனே தந்தை பெரியார். பள்ளிப் படிப்பை இளமையிலேயே நிறுத்திவிட்டுத் தந்தையின் கடையில் அமர்ந்த அவர், திருச்சியில் அரசினர் கலைக் கல்லூரி ஒன்று அமைவதற்காக இலட்சக்கணக்கான ரூபாயை நன்கொடையாக ஈந்தார். 1965இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி காசாமலையில் இன்றும் அவர் பெயரால் இயங்கி வருகின்றது. கல்லூரி காணாத ஒருவரின் பெயர் கல்லூரியின் முகப்பில் நிற்கின்றது. உறவினர்க்கென்றோ ஒரு சாதியார்க்கென்றோ வேலியிட்ட தனி அறக்கட்டளையாக அக்கொடை அமையவில்லை. அரசுக் கல்லூரியாக ஊருக்குப் பொதுவாயிற்று. சிற்றூர்களிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவர் பலர்க்கு அதுவே பட்டப்படிப்பின் வாசலாக இருந்தது.

தராசின் மறுபுறம்

இவ்விரு சான்றுகளையும் போற்றும் வேளையில் நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்று உண்டு. நம்மவருள் ஏன் அத்தகைய மளிகைக்காரர் தோன்றவில்லை? உழைப்பில் நம் முன்னோர் எவர்க்கும் குறைந்தவரல்லர், கணக்கறியாதவருமல்லர். மளிகைக் கடை உணவுப் பொருளை விற்கும் கடையாதலின், தீண்டாமை அதன் வாசலிலேயே காவல் நின்றது. நம்மவர் கைபட்ட அரிசியையும் எண்ணெயையும் ஊர்த் தெருவார் வாங்கமாட்டார். நெல்லை விளைவித்த கை, அறுத்த கை, அடித்துத் தூற்றிய கை நம்முடையதாக இருக்கலாம். அதையே படியில் அளந்து விற்கும் கை மட்டும் நம்முடையதாக இருத்தல் கூடாது. இம்முரண்பாட்டை நம் முன்னோர் நாள்தோறும் கண்டனர்.

விற்பதற்குத்தான் தடை என்றில்லை. வாங்குவதற்கும் முறை வகுக்கப்பட்டிருந்தது. ஊர்கள் பலவற்றில் கடைக்கு எட்டி நின்று குரல் கொடுக்கவேண்டும். காசைத் தரையில் வைக்கவேண்டும். பொட்டலம் மேலிருந்து துணியில் விழும். எடை சரிதானா என்று கேட்க நாவெழாது.

இவ்விழிவை எதிர்த்து நம் தலைவர்கள் சட்டத்தின் துணையை நாடினர். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச் சாலை, தெரு, கிணறு, அலுவலகம் முதலியவற்றைப் பயன்படுத்தும் உரிமை தாழ்த்தப்பட்டோர்க்கும் உண்டென அரசாணை பிறந்தது. இந்திய அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, சாதி முதலியவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் தடுத்தலாகாத இடங்களை அடுக்கும்போது, கடைகளையே முதலாவதாகக் குறிக்கின்றது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அச்சொல்லின் பொருள் குறித்து வினா எழுந்தபோது, விலை பெற்றுப் பணி செய்வோர் அனைவரையும் அது குறிக்குமென அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடைக்குள் நுழைவதைத் தடுப்பதையும், தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. ஒரு நாட்டின் அரசியலமைப்பில் கடை வாசல் இடம்பெற நேர்ந்தது எனில், அவ்வாசலில் நாம் நின்ற நிலை எத்தகையது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடை இல்லாதவனிடம் முதல் இல்லை; முதல் இல்லாதவன் பெயரால் அறக்கட்டளை இல்லை. கல்லூரிகளின் பழைய பட்டியல்களில் நம் முன்னோர் பெயரைக் காண்பது அரிதாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

அரசு ஏற்ற பொறுப்பு

தனியார் ஈகை நம்மை எட்டாத நிலையில், அரசின் கடமையை நினைவுறுத்தியே நாம் கல்வி பெற்றோம். சென்னை அரசு 1893இல் பஞ்சமர் கல்விக்கு ஊக்கமளிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. பின்னர்த் தொழிலாளர் துறை நம் மக்களுக்கெனப் பள்ளிகளையும் உதவித்தொகைகளையும் ஏற்படுத்தியது. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி கண்டு, நம்மவரே நம்மவர்க்குக் கல்விக்கூடம் நடத்தவியலும் என்பதை மெய்ப்பித்தார்.

தனி ஒருவரின் கருணையை நம்பிய கல்வியின் இடர்ப்பாட்டிற்கு அண்ணலின் வாழ்வே சான்று. 1913இல் பரோடா மன்னர் திங்களுக்குப் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டு அளித்த உதவியால் அவர் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். அவ்வுதவி இன்றேல் அவ்வறிவு ஒளிர்ந்திராது. ஆனால், உதவிக்கு ஈடாகப் பணிபுரிய 1917இல் பரோடா சென்றபோது, தங்குவதற்கு அந்நகரில் ஓர் அறை அவருக்குக் கிட்டவில்லை. கல்விக்கு ஈந்த மன்னரின் நகரமே அக்கல்வி பெற்றவரை ஏற்க மறுத்தது.

இவ்வநுபவம் பின்னர்க் கொள்கையாக மலர்ந்தது. 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம், மாநிலந்தோறும் கல்வி மானியத்திலிருந்து தாழ்த்தப்பட்டோர் கல்விக்குப் போதிய தொகை ஒதுக்கப்படவேண்டும் என்றது. வைசிராயின் நிருவாக அவையில் அண்ணல் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், மெட்ரிகுலேசனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாயில் தொடங்கிய அத்திட்டமே இன்றளவும் தொடர்கின்றது. நம் ஊர்களின் முதல் ஆசிரியர், முதல் பொறியாளர், முதல் செவிலியர் ஆகியோருள் பெரும்பாலோர் அதன் பயனாய் உயர்ந்தவரே. இது எவர் நினைவாகவும் இடப்பட்ட பிச்சையன்று; குடிமக்களின் வரிப்பணத்திலிருந்து நமக்கு உரிமையாக வரும் பங்கு.

காவிரியின் இரு கரைகள்

திருச்சியும் திருவரங்கமும் காவிரியால் பிரிந்தும் பாலத்தால் இணைந்தும் நிற்கும் ஊர்கள். உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார், குலத்தின் காரணமாகத் திருவரங்கத்தில் கால் வைக்க அஞ்சித் தென்கரையில் நின்றே அரங்கனை வணங்கினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. பின்னர் உலோகசாரங்க முனிவர் அவரைத் தம் தோளில் சுமந்து சென்றமையால் அவர் ‘முனிவாகனர்’ எனப்பட்டார். பாணரைத் தோளில் ஏற்றியது அருட்செயல். ஆயினும் அதன்பின் பல நூற்றாண்டு பாணர் குலத்தார்க்கு அக்கோயில் வாசல் திறக்கவில்லை. ஒருவரைத் தோளில் சுமப்பது ஒருவர்க்கே உதவும். பாலமோ அனைவர்க்கும் உதவும்.

1883இல் நாகையிலிருந்து தூய வளனார் கல்லூரி வந்தது முதல், 1919இல் தேசியக் கல்லூரி, 1951இல் சமால் முகமது கல்லூரி, சீதாலட்சுமி இராமசுவாமி கல்லூரி என இந்நகரின் கல்விக்கூடங்கள் பெருகின. துறவியர், வணிகர், வள்ளல்கள் ஆகியோர் தத்தம் வழியில் அவற்றை உருவாக்கினர். அவர்களுக்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். ஆயினும் அக்கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை என்பதையும் மறவோம்.

நாம் செய்யத்தக்கது

இன்று நம்முள் ஊதியம் பெறுவோர் உள்ளனர். கடை வைத்திருப்போரும் உள்ளனர். ஆகவே நம் பெரியோர் பெயரால் நினைவு உதவித்தொகைகள் ஏற்படுத்தும் காலம் வந்துவிட்டது. அரசின் உதவித்தொகை இருக்க இஃது எதற்கு என்று சிலர் வினவலாம். அரசின் திட்டத்திற்குப் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாய். சற்றே மிகுந்தவர் வெளியே நிற்கின்றனர். தகுதியுடையோர்க்கும் தொகை கைக்கு வருமுன் கட்டணம் கட்டும் நாள் வந்துவிடுகின்றது. அந்த இடைவெளியில் படிப்பை விட்டவர் பலர். அரசிடம் உரிமையைக் கேட்டுப் பெறுவதை ஒருநாளும் கைவிடாது, இவ்விடைவெளியை நிரப்புவதே நம் அறக்கட்டளைகளின் பணியாதல் வேண்டும்.

இதற்கு மூன்று நெறிகளை வரலாறு கற்பிக்கின்றது. முதலாவது, வட்டி முழுவதையும் செலவிடலாகாது. பதினாயிரம் ரூபாய் முதலிட்டு ஆண்டுக்கு ஆயிரம் பெற்ற காலத்தில் அத்தொகை ஒரு மாணவனின் கட்டணத்திற்குப் போதியதாக இருந்திருக்கலாம். இன்று அது ஒரு வாரத்து உணவுவிடுதிச் செலவிற்கும் காணாது. வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்துவந்தாலன்றி, பெயர் நிலைத்துப் பயன் தேய்ந்துவிடும். இரண்டாவது, மௌல்சன் சீமாட்டியாரின் நிபந்தனை நம் பத்திரங்களில் இடம்பெறலாகாது. கொடுத்தவரின் உறவும் உட்பிரிவும் தகுதியாகிவிடின், நாம் எதனை எதிர்த்தோமோ அதனையே எழுதிவைத்தவராவோம். தேவையுடையோர், முதல் தலைமுறையாகப் படிப்போர், குறிப்பாகப் பெண்மக்கள் முதலிடம் பெறுக. மூன்றாவது, தொகை கட்டண நாளுக்கு முன்னரே மாணவர் கையில் சேர்தல் வேண்டும். காலந்தாழ்ந்த உதவி மறுக்கப்பட்ட உதவியே.

எவர் பெயரால் அமைப்பது என்பதே இறுதி வினா. மளிகைக்காரர் பெயரால் பிறர் அமைத்தனர். நாம், காந்தி மார்க்கெட்டில் அம்மளிகைக் கடைகளுக்கு மூட்டை சுமந்தவர் பெயரால் அமைப்போம். கூடையில் கீரை சுமந்து தெருத்தெருவாய் விற்று மகனைப் படிக்கவைத்த தாயின் பெயரால் அமைப்போம். பேரேட்டில் கடன்காரராக மட்டுமே எழுதப்பட்ட அப்பெயர்கள், இனிக் கல்லூரி ஆண்டறிக்கைகளில் கொடையாளராக அச்சேறுக. ஐம்பதாம் ஆண்டு மலரை வெளியிடப்போகும் தலைமுறை அப்பட்டியலைத் தன் நூலின் முதற்பக்கத்தில் இடும் என நம்புவோம்.