வெள்ளமும் தகரப்பெட்டியும்

ஆற்றங்கரையில் ஊர் அமைத்தோர் ஆற்றின் சீற்றத்தையும் ஏற்றே வாழ வேண்டியவராவர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில், 1857-ஆம் ஆண்டில் ஈயம் தேடி வந்தோர் கால்வைத்த பின்னர் வளர்ந்த ஊரே கோலாலம்பூர். சேறு நிறைந்த கூடுதுறை என்பதே அப்பெயரின் பொருள் என்பர். 1926-ஆம் ஆண்டில் பெருவெள்ளம் கண்ட அந்நகரம், 1971-ஆம் ஆண்டில் மீண்டும் நீரில் மூழ்கியது.

அவ்வாண்டு சனவரித் திங்களின் தொடக்கத்தில் இடைவிடாது பெய்த பருவமழையால் கிள்ளான், கோம்பாக், பத்து ஆகிய மூன்று ஆறுகளும் கரைபுரண்டன. 32 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 180,000 பேர் அல்லலுற்றனர். அந்நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக், மேற்கு மலேசியாவில் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அதன்பின் தோன்றிய வெள்ளத் தடுப்பு முயற்சிகள், 2007-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வெள்ளநீர்ச் சுரங்கம் வரை நீண்டன. இவையெல்லாம் ஏடுகளில் உள்ளன. ஆயின், அந்த வெள்ளத்தில் ஓர் எளிய குடும்பம் எதை முதலில் காத்தது, ஏன் காத்தது என்பதை அவ்வேடுகள் கூறா. அதனை எம் வீட்டு நிகழ்ச்சி கொண்டே ஈண்டு எழுதுகின்றேன்.

எம் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து இளமையிலேயே இங்கு வந்தவர். செந்தூல் வட்டாரத்தில், ஆற்றை ஒட்டிய பலகை வீடொன்றில் குடியிருந்தோம். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அதாவது, அவர் இந்நாட்டுக் குடிமகன் அல்லர். 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அத்தகையோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. அது கிட்டாமல் எம் சந்திலிருந்தே இரு குடும்பங்கள் நாகப்பட்டினத்திற்குக் கப்பலேறிவிட்டன. நானோ 1959-ஆம் ஆண்டில் இம்மண்ணில் பிறந்தவன். விடுதலை நாளாகிய 31.8.1957-க்குப் பின் இங்குப் பிறந்ததால் சட்டப்படி குடிமகன். ஒரே கூரையின்கீழ்த் தந்தை அயலார், மகன் குடிமகன்! இதற்குச் சான்று ஒரு தாளே.

வெள்ளம் வாசற்படி ஏறிய இரவில், அம்மா அரிசிப் பானையைத் தூக்கினார். அப்பாவோ கட்டிலின் அடியிலிருந்த தகரப்பெட்டியை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டார். அதனுள் நகை இருக்குமென்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். இடுப்பளவு நீரில் நடந்தபோது, பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார்; எதிர்வீட்டுச் சீனக் கிழவியார்க்கு அம்மா கை கொடுத்தார். அரிசிப் பானை வழியிலேயே நழுவிப்போயிற்று.

நிவாரண மையமாகிய பள்ளிக்கூடத்தில்தான் பெட்டி திறக்கப்பட்டது. நகை ஏதுமில்லை. அப்பாவின் அட்டை, அனுமதிச் சீட்டு, வாடகை இரசீதுகள், என் பிறப்புப் பத்திரம் ஆகியனவே இருந்தன. மூடியின் இடுக்கில் நீர் புகுந்து, பத்திரத்தின் மை கரைந்திருந்தது. அவற்றை மேசைமேல் பரப்பி, காற்று கொண்டுபோகாதபடி அம்மா நாளெல்லாம் காவலிருந்தார். காலையில் வரிசையில் நின்று ரொட்டியும் தேநீரும் பெறுதல், பகலில் நனைந்த துணிகளை வேலிமேல் உலர்த்துதல், இரவில் ஒரு போர்வைக்குள் மூவர் முடங்குதல் என நாட்கள் நகர்ந்தன. பள்ளியாண்டின் தொடக்கம் அது. புதிதாக வாங்கிய என் பாடநூல்கள் அனைத்தும் சேறாயின.

சனவரி 14-ஆம் நாள் பொங்கல் வந்தது. வீடு திரும்பியிருந்தோம், சுவரில் ஆளுயரத்திற்குச் சேற்றுக்கோடு. புதுப்பானை வாங்கப் பணமில்லை. மையத்தில் தந்த அரிசியும் டின்பாலும் கொண்டு, அலுமினியச் சட்டியில் அம்மா பொங்கலிட்டார். முதற்கிண்ணம் அந்த மலாய்ப் பெரியவர் வீட்டிற்குச் சென்றது.

என் பிறப்புப் பத்திரத்திற்குப் படி பெற அப்பா பலமுறை ஊதியமின்றி விடுப்பெடுத்து அலைந்தார். தம் அனுமதிச் சீட்டைவிட அதைப்பற்றியே அவர் கவலை மிகுந்திருந்தது. நான் போகவேண்டி வந்தாலும் நீ இங்கே இருக்கலாம் என்று ஒருநாள் கூறினார். அரிசியை விட்டுத் தாளைக் காத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

வெள்ளத்தின் ஆழத்தை அளவுகோல் காட்டும். குடிபெயர்ந்தோர் வாழ்வின் ஆழத்தை அது காட்டாது. ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் தத்தம் இல்லத்து முதியோரிடம் ஒரு கேள்வி கேட்பார்களாக: வெள்ளம் வந்தபோது எதை முதலில் எடுத்தீர்கள்? அவர்கள் கூறும் விடையை எழுதி வைப்பதும் வரலாற்றுப் பணியே ஆகும்.