நில்லா இயக்கமும் மாற்று அட்டையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

இணையத் தரவுகளை வழிப்படுத்தும் பெரிய ரவுட்டர்களில், இயந்திரத்தை நிறுத்தாமலே பழுதடைந்த இடைமுக அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். 1990களில் சிஸ்கோ நிறுவனம் வெளியிட்ட 7000, 7500 வரிசைகள் இவ்வசதியைக் கொண்டிருந்தன. இத்தகைய அட்டைகளின் இணைப்பு ஊசிகள் ஒரே நீளமுடையன அல்ல. செருகும்போது நிலத்தொடுப்புக்கும் மின் வழங்கலுக்குமுரிய நீண்ட ஊசிகள் முதலிலும், சமிக்ஞைக்குரிய குறுகியவை பின்னரும் பொருந்துகின்றன. கழற்றும்போது இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. அட்டையின் வரவையும் நீக்கத்தையும் இயந்திரம் உணர்ந்துகொள்வதும் இவ்வேறுபாட்டினாலேயே.

இதனைப் பொறியியலாளரின் மதிநுட்பமாக மாத்திரம் விளக்குதல் போதாது. நிறுத்தாமை என்னும் தேவை எங்கிருந்து பிறந்தது என்பதே நமது வினா. 1965இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பெல் நிறுவனம் இயக்கிவைத்த முதலாம் இலக்க இலத்திரனியல் தொலைபேசி இணைப்பகத்துக்கு, 40 ஆண்டுகளில் செயலிழப்பு 2 மணித்தியாலத்தை மீறலாகாது என்ற இலக்கு விதிக்கப்பட்டிருந்தது. 1976இல் சந்தைக்கு வந்த ரான்டெம் நிறுவனத்தின் 'நொன்ஸ்ரொப்' கணினிகள் இயங்கும்போதே உறுப்பு மாற்றத்துக்கு இடமளித்தன. அவற்றை நாடியோருள் வங்கிகளும் பங்குச் சந்தைகளும் முதன்மை பெற்றமை தற்செயலன்று. சுற்றோட்டம் தடைப்படும் கணத்தில் மூலதனம் பெருகுவதில்லை.

ஆயின் இத்தேவை மின்னணு யுகத்துக்கு முற்பட்டது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில், வேலைநாள் பற்றிய அதிகாரத்தில், இரவு பகலாக ஆட்களை முறைமாற்றி உலைகளை அணையாது வைத்திருந்த உருக்குத் தொழிலதிபர்களின் வாதங்களை மார்க்ஸ் ஆராய்கிறார். உலை குளிர்ந்தால் நட்டம் என்பது அவர்தம் நியாயம். அங்கு இயக்கம் நில்லாதிருக்க மாற்றப்பட்ட உறுப்பு, சிறுவர் உட்பட்ட தொழிலாளியே. மனிதனுக்கு முதலில் விதிக்கப்பட்ட இந்நியதி பின்னர் அட்டைக்கும் விதிக்கப்பட்டது எனலாம்.

அட்டை வந்ததனால் மனிதன் விடுதலை பெற்றானா? பழுதின் காரணத்தைக் கண்டறிந்து திருத்திய தொழில்வினைஞன், இன்று பெரும்பாலும் அட்டையை மாற்றிப் பழையதை உற்பத்தியாளருக்கு அனுப்புபவனாகிறான். சிந்தனையும் செயலும் பிரிக்கப்படுவதாக ஹரி பிறேவர்மன் 1974இல் சுட்டிய போக்கின் தெளிவான உதாரணம் இது.

எனினும் நாம் இந்நுட்பத்தை நிராகரிக்கவில்லை. வைத்தியசாலைக்கான தொலைபேசி இணைப்பு அறுபடாதிருத்தல் சமூகம் முழுவதற்குமான நன்மை. நில்லா இயக்கத்தின் பயன் யாரைச் சேர்கிறது, அதனைப் பேணுவோரின் அறிவு யார் வசம் உள்ளது என்பனவே விடைவேண்டி நிற்கும் வினாக்கள். அவற்றுக்கான விடை ஊசிகளின் நீளத்தில் இல்லை. உற்பத்தி உறவுகளிலேயே உள்ளது.