மூன்று நிமிடங்களின் விலை

1993 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எனது பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்தார். ரொறன்ரோவில் இருந்த மகனுடன் தொலைபேசியில் பேசவேண்டும் என்பதைத் தவிர அந்தப் பயணத்துக்கு வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டு மக்கள் தொலைபேசி வசதியை இழந்திருந்தனர். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, வவுனியாவில் காத்துக்கிடந்து, பின்னர் ரயிலேறி வந்த அவர், வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருந்த ஒரு தொலைபேசி நிலையத்தின் வாங்கில் இரண்டு மாலைப்பொழுதுகள் அமர்ந்திருந்தார். அத்தகைய நிலையங்களை அன்று எல்லோரும் ‘கொமியூனிகேஷன்’ என்றே அழைப்பார்கள். இன்ன நாட்களில், இன்ன நேரத்தில், இன்ன இலக்கத்துக்கு அழைக்குமாறு மகனுக்கு நான் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தேன்.

இரண்டாவது நாள் அழைப்பு வந்தது. வெளிநாட்டில் இருந்து வருகின்ற அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் நிலையத்தாருக்குப் பணம் கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. “தம்பி, நான் கதைக்கிறது கேக்குதோ?” என்று திரும்பத்திரும்பக் கேட்டதிலேயே முதல் நிமிடம் கழிந்துபோனது. மூன்று நிமிடங்களில் உரையாடல் முடிந்தது. ஊருக்குத் திரும்பிச் சென்று சேரும்வரை, அந்த மூன்று நிமிடங்களுக்காக அவர் செலவிட்டவை பதினெட்டு நாட்கள்.

இன்று அதே வீட்டின் விறாந்தையில் இருந்துகொண்டு அவரது பேத்தி கையடக்கத் தொலைபேசியில் வைஃபை ஊடாக ரொறன்ரோவுடன் மணிக்கணக்கில் உரையாடுகிறார். நிமிடத்துக்கு என்று எவரும் அவரிடம் பணம் கேட்பதில்லை. இதைத் தொழில்நுட்பத்தின் சாதனை என்று கூறி நாம் நிறுத்திக்கொள்வதுண்டு. ஆனால், இணையத்தின் ஊடாகக் குரலை அனுப்பும் தொழில்நுட்பம் பெரியம்மா கிளாலியைக் கடப்பதற்கு ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன்னரே செயற்படுத்திக் காட்டப்பட்டுவிட்டது. அது சாதாரண மக்களின் கைக்கு வந்துசேர்வதற்குத் தடையாக இருந்தது பெரும்பாலும் அனுமதியும் கணக்கு வழக்குமே ஆகும். அந்த வரலாற்றைச் சற்று நினைவுபடுத்திப் பார்ப்பது பயனுடையது.

தூரத்துக்கு விலை குறித்தவர்கள்

வெளிநாட்டு அழைப்பு ஒன்றின் கட்டணம் கம்பியின் நீளத்தை மாத்திரம் வைத்துத் தீர்மானிக்கப்பட்டதல்ல. இரு நாடுகளின் தொலைபேசி நிர்வாகங்களும் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தமக்கிடையே ஒரு தொகையை ஒப்புக்கொண்டு, அதனைப் பொதுவாக ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். எந்த நாட்டில் இருந்து கூடுதலான அழைப்புகள் செல்கின்றனவோ அந்த நாடு மற்றைய நாட்டுக்கு மிகுதியைச் செலுத்தவேண்டும். புலம்பெயர்ந்த பிள்ளைகளும் மத்திய கிழக்கில் பணிபுரிந்தவர்களும் ஊருக்கு அழைத்த நிமிடங்கள் எமது நாட்டுக்கு அந்நியச் செலாவணியாக வந்தன. அதனால் கட்டணம் உயர்ந்த மட்டத்தில் இருப்பதையே அரசாங்கங்கள் விரும்பின. அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு 1997 இல் தனது நாட்டுக் கம்பனிகள் பிற நாடுகளுக்குச் செலுத்தும் தொகைக்கு உச்சவரம்பு விதித்தபோது வளர்முக நாடுகள் பல அதனை ஆட்சேபித்தன. இலங்கையில் வெளிநாட்டு அழைப்புகள் மீது ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோக உரிமை 2002 ஆகஸ்டில்தான் முடிவுக்கு வந்தது.

குரல் பொதிகளாகிய கதை

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு முழுப்பாதை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்படும். அவர்கள் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதையை வேறு எவரும் பயன்படுத்த இயலாது. இணையமோ தகவலைச் சிறுசிறு பொதிகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கிடைத்த வழியால் அனுப்பும் முறையாகும். குரலையும் இவ்வாறு அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற் வலையமைப்பில் 1974 ஆகஸ்டில் விடை கிடைத்தது. கலிபோர்னியாவில் தகவல் விஞ்ஞான நிறுவகத்துக்கும் மசாசூசெற்ஸில் லிங்கன் ஆய்வுகூடத்துக்கும் இடையில் மனிதக் குரல் பொதிகளாகச் சென்றது. அதற்கான நெறிமுறையை வகுத்த பணிக்குத் தலைமை தாங்கியவர் டனி கோஹன்.

இந்தப் பரிசோதனை ஒரு முக்கியமான உண்மையை உணர்த்தியது. எழுத்தை அனுப்பும்போது ஒரு பொதி தொலைந்துபோனால் அதை மீண்டும் அனுப்பலாம். தாமதமானாலும் முழுமையாக வந்துசேர்வதே முக்கியம். குரல் அப்படியானதல்ல. தாமதமாக வரும் ஒரு அசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அச்சுக்குப் போய்விட்ட பத்திரிகைக்கு வந்துசேரும் செய்தியைப் போன்றது அது. அதைவிட அந்தத் துண்டை விட்டுவிடுவதே மேல். கோஹனும் அவரைப் போன்றோரும் இதை வலியுறுத்தியதன் விளைவாக, 1978 அளவில் இணையத்தின் அடிப்படை நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. குரல் போன்றவை மீள அனுப்பும் சடங்குகள் இன்றி விரைந்து செல்வதற்குத் தனிவழி கிடைத்தது. இன்று வைஃபையில் பேசும்போது இடையிடையே ஒரு சொல் விழுங்கப்பட்டு உரையாடல் தொடர்வதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். அது அன்று எடுக்கப்பட்ட தீர்மானத்தின் தொடர்ச்சியே.

ஆய்வுகூடத்தில் இருந்து சந்தைக்கு வருவதற்கு மேலும் இருபது வருடங்கள் சென்றன. 1995 பெப்ரவரியில் இஸ்ரேலைச் சேர்ந்த வோக்கல்ரெக் நிறுவனம் ‘இன்ரர்நெற் போன்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. இரு முனைகளிலும் கணினி, ஒலி அட்டை, ஒலிவாங்கி ஆகியவை இருக்கவேண்டும். ஆரம்பத்தில் ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேச முடிந்தது. அத்தகைய குறைகள் இருந்தும் ஒரு வருடத்துக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1996 மார்ச்சில் அமெரிக்காவின் சிறிய தொலைதூர அழைப்புக் கம்பனிகளின் சங்கம் ஒன்று, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொலைபேசிச் சேவை நடத்துவதற்கு ஒப்பானது என்று கூறி, இத்தகைய மென்பொருட்களின் விற்பனையை நிறுத்துமாறு சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் மனுச் செய்தது. ஆணைக்குழு அதற்கு இணங்கவில்லை. அன்று இணங்கியிருந்தால் இந்த வரலாறு வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ற்றமும் டென்மார்க்கைச் சேர்ந்த ஜானுஸ் ஃப்ரீஸும் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு மென்பொருளை எழுதிக்கொடுத்தவர்கள் எஸ்தோனிய இளைஞர்கள். கொழும்பின் இணைய நிலையங்களில் தலையணி ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு தாய்மார்கள் உரத்துப் பேசிய காட்சிகள் எமக்கு நன்கு நினைவிருக்கின்றன. ஆனால், குரல் இன்னமும் கணினி மேசையுடன் கட்டுண்டே கிடந்தது.

உரிமையாளர் இல்லாத அலைவரிசை

அதை மேசையில் இருந்து விடுவித்தது வைஃபை. அதன் தொடக்கம் 1985 இல் அமெரிக்க ஆணைக்குழு எடுத்த ஒரு தீர்மானம் ஆகும். மைக்ரோவேவ் அடுப்புகள் போன்றவற்றுக்காக ஒதுக்கப்பட்டு, தொலைத்தொடர்புக்கு உதவாதவை என்று கருதப்பட்ட சில அலைவரிசைகளை, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் அனுமதிப்பத்திரம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆணைக்குழு அறிவித்தது. 1997 இல் அதற்கான பொதுத்தராதரம் வகுக்கப்பட்டது. 1999 இல் விநாடிக்கு 11 மெகாபிற் வேகம் கொண்ட வடிவமும் ‘வைஃபை’ என்ற பெயரும் வந்தன. வழமையான தொலைபேசி உரையாடல் ஒன்றுக்கு ஒரு திசையில் தேவைப்படுவது விநாடிக்கு 64 கிலோபிற் மாத்திரமே.

கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் தமது அலைவரிசைகளுக்காகப் பெருந்தொகைப் பணத்தைச் செலுத்தியிருந்தன. வைஃபை அலைவரிசைக்கோ உரிமையாளர் எவரும் இல்லை. அதாவது, ஒரே கருவிக்குள் கட்டணக் கதவு உள்ள பாதை ஒன்றும் கதவே இல்லாத பாதை ஒன்றும் வந்து சேர்ந்தன. மோதல் தவிர்க்க முடியாததாயிற்று.

2006 இல் விற்பனைக்கு வந்த நொக்கியா ஈ61 போன்ற கருவிகளில் வைஃபை ஊடாக அழைப்பு மேற்கொள்ளும் வசதி உள்ளேயே அமைந்திருந்தது. மறுவருடம் நொக்கியா என்95 வந்தபோது, பிரித்தானியாவில் ஒரேஞ், வோடஃபோன் ஆகிய கம்பனிகள் தாம் விற்ற கருவிகளில் இருந்து அந்த வசதியை நீக்கிவிட்டன. நொக்கியா செய்து கொடுத்திருந்ததை விற்பனையாளரே அழித்தார். 2009 மார்ச் இறுதியில் ஐபோனுக்கான ஸ்கைப் வெளியானபோது வைஃபையில் மாத்திரமே அழைக்க முடிந்தது. கம்பனியின் மூன்றாம் தலைமுறை வலையமைப்பில் அழைக்க இயலாது. ஜேர்மனியில் ரீ-மொபைல் நிறுவனம் ஸ்கைப்பையே அனுமதிக்கமாட்டோம் என்று அறிவித்தது. அதே வருடம் ஆகஸ்டில், தனது சம்மதம் இன்றி இணைய அழைப்புகளுக்கு வழிசெய்வதில்லை என்று அப்பிளுடன் உடன்பாடு இருந்ததை ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் அமெரிக்க ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது. இரண்டு மாதங்கள் கழித்து, ஒக்டோபரில், அந்தத் தடையை அந்த நிறுவனம் விலக்கிக்கொண்டது.

2010 டிசெம்பரில் வந்த வைபர், பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற தொல்லைகளை அகற்றித் தொலைபேசி இலக்கத்தையே அடையாளமாக்கியது. முதியவர்களும் தயக்கமின்றிப் பயன்படுத்தியதால் அது எமது நாட்டில் வீட்டுக்கு வீடு பரவியது. வட்ஸ்அப் 2015 இல் குரல் அழைப்பை ஆரம்பித்தது. எதிர்த்து நின்ற கம்பனிகளே ஈற்றில் வைஃபை அழைப்பைத் தமது சேவையாக விற்கத் தொடங்கின. கட்டடங்களுக்குள் அலை பலவீனமாகும் இடங்களில் அது அவற்றுக்கே கைகொடுத்தது.

கதவு இடம்மாறியது

தூரத்துக்கான விலை இவ்வாறு கரைந்துபோனது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் கரைந்துபோகவில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப், ஸ்கைப் அழைப்புகள் பல வருடங்களாகத் தடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அனுமதி பெற்ற ஒருசில செயலிகளையே அங்குள்ளவர்கள் நாடவேண்டியிருந்தது. சவூதி அரேபியா 2017 செப்டெம்பரில்தான் தடையைத் தளர்த்தியது. வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற எமது நாட்டுத் தாய்மாருக்கு இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. பிள்ளையின் குரலை எத்தனை நாட்களுக்கு ஒரு தடவை கேட்பது என்பதை அது தீர்மானித்தது.

எமது நாட்டிலும் நாம் அதைக் கண்டோம். 2018 மார்ச்சில் திகன வன்செயல்களின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரில் 3 ஆம் திகதி ஆர்ப்பாட்டங்களை முன்னிட்டும் இந்தச் செயலிகள் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சைத் தடுப்பதற்கு என்று முதல் இரு சந்தர்ப்பங்களிலும் காரணம் கூறப்பட்டது. வதந்தியுடன் சேர்ந்து, உயிருடன் இருக்கிறாயா என்று கேட்கும் குரலும் தடுக்கப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது வேறொரு பாடமும் கிடைத்தது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்தில் இருந்தே வந்தது. வீட்டு வைஃபையோ விளக்கு அணைந்ததும் தானும் அணைந்துவிடுகிறது. அரசாங்கமும் மின்சாரமும் ஒருபுறம் இருக்க, சேவையின் உரிமையாளரே கதவை மூடிவிடவும் கூடும். 2011 இல் 850 கோடி டொலர் கொடுத்து ஸ்கைப்பை வாங்கிய மைக்ரோசொஃப்ற் 2025 மே 5 ஆம் திகதி அந்தச் சேவையை நிறுத்தியது.

2019 ஏப்ரில் 21 ஆம் திகதி மாலை, எமது வீட்டின் மூலையில் பல மாதங்களாக ஒலிக்காமல் இருந்த நிலையான தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் ரொறன்ரோவில் இருந்து பெரியம்மாவின் மகன். வைபரும் வட்ஸ்அப்பும் வேலை செய்யாததால் பழைய குறிப்பேட்டில் இருந்து எமது இலக்கத்தைத் தேடி எடுத்ததாகச் சொன்னார். “எல்லாரும் சுகமோ அண்ணை?” என்று கேட்டார். சுகம் என்றேன். அதற்கு மேல் அன்று பேசுவதற்கு இருவரிடமும் அதிகம் இருக்கவில்லை. மூன்று நிமிடங்கள் பேசியிருப்போம்.

பெரியம்மாவின் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று எவரும் விரும்பப்போவதில்லை. வைஃபை ஊடாகக் கிடைத்திருக்கும் குரல் சாதாரண மக்கள் பெற்ற பெரும்பேறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், விலை இல்லாமல் கிடைப்பதெல்லாம் தடையில்லாமலும் கிடைக்கும் என்று நம்பிவிடக்கூடாது. அந்த நிலையான தொலைபேசி இணைப்பை நான் இன்றுவரை துண்டிக்கவில்லை. இலக்கங்கள் எழுதப்பட்ட குறிப்பேடும் அதன் அருகிலேயே இருக்கிறது.